வலிப்பூட்டி

பூஜை அறைக் கற்பூரம் ஒரு வலிப்பூட்டி. தவழும் குழந்தை ஒரு வில்லையை விழுங்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வந்துவிடலாம். இப்படி மூளையைக் கிளறி வலிப்பை வரவழைக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘கன்வல்சன்ட்’ என்று பெயர், தமிழில் ‘வலிப்பூட்டி’ எனலாம். 1934இல் புடாபெஸ்டில் மனநல மருத்துவர் லாடிஸ்லாஸ் மெடுனா, மனநோயைத் தீர்க்க வேண்டுமென்றே வலிப்பை உண்டாக்கியபோது முதலில் எடுத்தது கற்பூரத்தைத்தான். அப்புறம் கார்டியசால் எனும் பென்டைலீன்டெட்ரசாலுக்கு மாறினார். அந்த மருந்து மனநல வார்டை விட்டுப் போய்விட்டது. ஆய்வக எலிகளுக்கு இன்னும் போடுகிறார்கள்.

கன்வல்சன்டின் வேர் லத்தீன் ‘வெல்லெரே’: பிடுங்கு, இழு. நம் ‘வலி’யும் இழுப்பதுதான், துடுப்பு வலிக்கிறோமே, அந்த வலி. (ஒலி ஒத்திருப்பது தற்செயல். இதை வைத்து லத்தீனுக்குத் தாய் தமிழ் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) சென்னைத் தெருவில் இதற்கெல்லாம் ‘பிட்ஸ்’தான், யாராவது விழுந்தால் நாலு சாவிக்கொத்து நீளும், பயன் ஒன்றும் இல்லை. ‘இழுப்பு’ என்றால் மூச்சிரைப்பும் ஆகிவிடும் என்பதால் அது உதவாது. ‘வலிப்பூக்கி’ என்றும் ஆக்கலாம், ஆனால் ஊக்கி என்றால் நடப்பதை விரைவுபடுத்துவது என்ற நினைப்பு வருகிறது, வினையூக்கி போல. இல்லாததை வரவழைப்பதற்கு நிறமூட்டி, மயக்கமூட்டி வரிசையில் வலிப்பூட்டியே பொருத்தம்.

சிக்கல் ‘வலிப்பு’ என்ற பாதியில்தான். உடல் வெட்டி இழுப்பதற்கும் மூளையில் எழும் மின்கொந்தளிப்புக்கும் நாம் அந்த ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். வயது மாறும்போது இது இடிக்கும். வளர்ந்த எலிக்குப் பென்டைலீன்டெட்ரசால் போட்டால் முதலில் முகமும் முன்னங்கால்களும் துடிக்கும், எலி நிமிர்ந்தே இருக்கும். மருந்து கூடினால் விழுந்து உடல் முழுக்க வெட்டும். பிறந்து சில நாளான குட்டியிடம் அந்த முன்னங்கால் துடிப்பை எதிர்பார்க்க முடியாது, உடல் முழுக்க வெட்டுவது மட்டும் வரும். முன்னங்கால் துடிப்பு மூன்றாவது வாரத்தில்தான் ஒழுங்காகத் தென்படும், ஏனென்றால் அதை நடத்துவது முன்மூளை. மற்றதை நடத்தும் மூளைத்தண்டு முன்பே முதிர்ந்துவிடுகிறது. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் காபா என்ற வேதிப்பொருளும் வயதுக்கேற்ப நடந்துகொள்ளும். முதிர்ந்த நரம்பணுவை அது அடக்கும். குட்டியின் நரம்பணுவுக்குள் குளோரைடு அதிகம் என்பதால் அங்கே கிளறிவிடவும் கூடும்.

கைனிக் அமிலம் என்ற வலிப்பூட்டி இன்னும் விசித்திரம். ஜப்பானில் குடற்புழுவுக்குக் கொடுத்துவந்த கடற்பாசியிலிருந்து வந்தது அது. குட்டிகளுக்குக் குறைந்த அளவே போதும், பல செத்தும் போகும். ஆனால் பிழைத்தவற்றின் ஹிப்போகாம்பஸில், அதாவது மூளையின் நினைவுப் பகுதியில், சேதம் அதிகம் இராது. வளர்ந்த எலியிலோ அங்கே நரம்பணுக்கள் மடியும்.

பச்சிளம் குழந்தைக்குக் கை கால் வெட்டாமலே, வாய் மெல்லுவதோடு நின்றுவிடும் தாக்கமும் உண்டு. சில சமயம் மூளை மின்பதிவில் (இஇஜி) மட்டும்தான் தெரியும். ஆகவே மின்கொந்தளிப்புக்கு மருத்துவர்கள் புழங்கும் ‘வலிப்புத்தாக்கம்’ இருக்கட்டும், உடல் இழுப்பதை மட்டும் ‘வலிப்பு’ என்போம். எழுதும்போது இப்படி வரும்: ‘இந்த வலிப்பூட்டி குட்டிகளில் வலிப்புத்தாக்கத்தை உண்டாக்கியது, வலிப்பு தென்படவில்லை.’