ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்: ஒரு சொல்லும் ஒரு கருவாலி மேசையும்

நம் பள்ளிகளில் 'ஆர்ட் அண்ட் கிராஃப்ட்' என்றால் பசை, கலர் பேப்பர், கத்தரிக்கோல். அதே சொல் பழைய ஓக் மரச்சாமான்களைச் சேகரிப்பவர்கள் நடுவே வந்தால் கதையே வேறு. 1988இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில், அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர் குஸ்தாவ் ஸ்டிக்லியின் சொந்த வீட்டில் இருந்த சைடுபோர்டு (சாப்பாட்டு அறை அலமாரி) ஒன்றைப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 3,63,000 டாலருக்கு எடுத்தார்.

சொல் பிறந்தது லண்டனில், 1887இல். கண்காட்சி நடத்தக் கூடிய ஒரு சங்கத்துக்குப் புத்தகக் கட்டுநர் காப்டன்-சாண்டர்சன் சொன்ன பெயர் அது. ஓவியம் கலை, நாற்காலி வெறும் தொழில் என்று பிரித்து வைத்ததுதான் அவர்களுக்கு ஆகவில்லை. அதனால் இரண்டையும் ஒரே பெயருக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயரே ஓர் இயக்கத்தின் பெயராகவும் ஆனது.

வேரைத் தோண்டினால் சுவை கூடுகிறது. 'ஆர்ட்' வந்தது லத்தீன் 'ஆர்ஸ்' என்பதிலிருந்து. அதன் ஆதி வேருக்குப் 'பொருத்துதல்' என்று பொருள். லத்தீனில் 'ஆர்டுஸ்' என்றால் மூட்டு. அதாவது கலை என்பதே முதலில் தச்சன் வேலை! 'கிராஃப்ட்' பழைய ஆங்கிலத்தில் வலிமையைக் குறித்தது. ஜெர்மனில் 'கிராஃப்ட்' இன்றும் வலிமைதான்.

சரி, தமிழில்? 'கைத்தொழில்' என்றால் குடிசைத் தொழில் நினைவு வருகிறது. 'கைவினை' என்றதும் சுற்றுலாக் கடை பொம்மை கண்ணில் நிற்கிறது. ஆனாலும் என் ஓட்டு கைவினைக்கே. 'யவனத் தச்சரும் தண்டமிழ் வினைஞர் தம்மொடு கூடி' என்கிறது மணிமேகலை. அந்த வினைஞரின் வினை பொம்மைக் கடைக்குள் அடங்காது. ஆகவே இயக்கத்தைக் 'கலை கைவினை இயக்கம்' எனலாம். ஓக் மரத்துக்குக் கருவாலி. தமிழ் பைபிளில் யாக்கோபு அந்நிய தெய்வங்களைப் புதைத்ததும் ஒரு 'கர்வாலி' மரத்தின் கீழேதான். ஃபர்னிச்சருக்கு அறைகலன் என்பார்கள். எழுத்தில் சரி, பேச்சில் மரச்சாமான்தான்.

இந்த இயக்கத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இங்கிலாந்தின் பிராட் கேம்ப்டனில் வாழ்ந்த வீட்டைச் சீரமைத்துக் கொடுத்தவர் இந்த இயக்கத்தின் கட்டடக் கலைஞர் ஆஷ்பீ. கைவினைஞர் சங்கம் ஒன்றை 1888இல் தொடங்கியவர் இவர்.

சாமானுக்கு வருவோம். மரத்தை நான்காகப் பிளந்து, நடுத்தண்டை நோக்கி அறுத்திருப்பார்கள். அப்படி அறுத்த கருவாலிப் பலகையில் புலி வரி போல் வெள்ளிக் கீற்றுகள் மின்னும். மேசைக்காலைப் பாருங்கள்: குறுக்குச் சட்டத்தின் நாக்கு காலைத் துளைத்து மறுபுறம் எட்டிப் பார்க்கும், குறுக்கே ஒரு மரமுளை. மூட்டை மறைக்காமல் காட்டுவதே இங்கே அழகு. நிறமும் பூச்சால் வந்ததல்ல. அமோனியா ஆவியில் வைத்தால் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து பழுப்பேறும்.

ஸ்டிக்லியின் முத்திரையில் தச்சனின் கவராயத்துக்குள் 'ஆல்ஸ் இக் கான்' என்று பிளெமிஷ் மொழியில் இருக்கும். 'என்னால் இயன்றவரை' என்று பொருள். அப்புறம் ஒன்று: 'முழுக்கக் கையாலேயே செய்தது' என்று விற்பவர் அடித்துச் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். ஸ்டிக்லி பட்டறையிலேயே பலகை அறுக்க இயந்திரம் ஓடியது. அதை அவர் மறைக்கவும் இல்லை.