தேயிலைப் பக்கட்டில் சிங்கம்: யார் போடலாம்?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சொந்தப் பெயரில் தேயிலை பக்கட் போட்டு விற்கும் சிறு நிறுவனம் கென்யாவோடு விலையில் மோதி வெல்ல முடியாது. அங்கே பெரும்பாலும் கொழுந்தை இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறையில், குறைந்த செலவில், பெருமளவு தயாரிக்கிறார்கள். நம் மலைநாட்டு ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், கொழுந்தை வாட்டி உருட்டும் பழைய முறையே அதிகம். ஆகவே ‘இது சிலோன் டீ’ என்று காட்டித்தான் விற்க வேண்டியிருக்கிறது. வாள் ஏந்திய சிங்க இலச்சினை அதற்குத்தான்.

இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தம். சபையின் அனுமதி இல்லாமல் யாரும் அச்சடிக்கக் கூடாது. உள்ளே இருப்பது நூற்றுக்கு நூறு இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், சபை விதித்த தரமும் வேண்டும். அப்புறம், கடையில் வாங்குபவர் கைக்குப் போகும் அந்தப் பக்கட் இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். “மூட்டையாக அனுப்புங்கள், பக்கட்டும் சிங்கமும் நாங்கள் இங்கே போட்டுக்கொள்கிறோம்” என்று வெளிநாட்டு வியாபாரி கேட்டால், சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். லிந்துலையின் முதல்தரத் தேயிலையாகவே இருந்தாலும், டுபாயில் பொதி செய்தால் சிங்கம் கிடையாது. கெடுபிடியான விதிதான். ஆனால் பொதி செய்யும் வேலையும் அதன் கூலியும் நாட்டுக்குள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்; சின்னப் பொதியாளருக்கு இது நல்லது என்றே நினைக்கிறேன். இறக்குமதித் தேயிலை ஒரு பிடி கலந்தாலும் சிங்கம் போய்விடும், கொழும்பிலேயே பொதி செய்திருந்தாலும் சரி.

சிங்கம் நாட்டை மட்டுமே சொல்லும். பிரதேசத்தைச் சொல்லத் தனி இலச்சினைகள் உண்டு: நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடப்புசல்லாவை, கண்டி, சப்ரகமுவ, ருகுணு. ஹட்டன், தலவாக்கலைத் தேயிலை திம்புள்ளயில் சேரும்; பண்டாரவளை, ஹப்புத்தளை ஊவாவில். இரண்டையும் கலந்து விற்றால் பிரதேசப் பெயர் போடக் கூடாது, சிங்கம் போடலாம். தனித்தோட்டச் சுவை தேடி வாங்குபவர்களுக்கு விற்க நினைத்தால் கலக்காமல் இருப்பதே லாபம்.

ஏற்றுமதிக்கு முதலில் தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதிய வேண்டும். உங்கள் பிராண்ட் பெயரைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதிந்துகொள்வதும் அவசியம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அது இலங்கைக்குள் மட்டுமே காப்பு. விற்கப் போகும் நாட்டில் தனியாகப் பதிய வேண்டும்.