கன்னத்துச் சிவப்பு மறுவும் ஒரு மில்லி செக்கனும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: நான்கு மாதப் பிள்ளையின் கன்னத்தில் பிறந்த நாளிலிருந்தே தட்டையான சிவப்பு மறு. லேசர் அடித்தால் ஆபத்தா? கிரகணத்தன்று வெளியே போனதால்தான் வந்தது என்று மாமி சொல்கிறாவாம்.

மாமி மன்னிக்க வேண்டும். கரு வளரும்போது ஒரு கலத்தின் பரம்பரை அலகில் தற்செயலாக விழும் பிழைதான் இதற்குப் பெரும்பாலும் காரணம், 2013இல் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்து மயிர்த்துளைக் குழாய்கள், அதாவது மிக மெல்லிய இரத்தக் குழாய்கள், விரிந்தே கிடக்கின்றன. பிறந்து சில வாரத்தில் முளைத்துப் புடைக்கும் சிவப்புக் கட்டி வேறு. அதற்குச் சிகிச்சை தேவைப்பட்டாலும் பெரும்பாலும் மருந்தே போதும்.

சரி, லேசர். 595 நானோமீற்றர் மஞ்சள் ஒளியை இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஈமோகுளோபின் விழுங்கிச் சூடாகும். குழாயின் சுவர் வெந்து மூடிக்கொள்ளும். பக்கத்துத் தசை ஏன் வேகவில்லை? பாண்டிருப்பில் தீ மிதிப்பவர்களைப் பாருங்கள். பக்தியை அவர்களிடமே விட்டுவிடுவோம். பௌதிகம் சொல்வது, சூடு கடந்துபோக நேரம் வேண்டும், பாதம் தணலில் தங்குவதில்லை. மயிரிழையிலும் மெல்லிய குழாய் தன் சூட்டை வெளியே விட ஒரு மில்லி செக்கன் அளவு எடுக்கும். ஒளித்துடிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதனால் சூடு பக்கத்தில் அதிகம் பரவுமுன் ஒளி நின்றுவிடும்.

ஆனால் குழாய்க்கு மேலே, தோலுக்கு நிறம் தரும் மெலனின் இருக்கிறது. அதுவும் அதே ஒளியை விழுங்கும். நம் மாநிறத்துப் பிள்ளைகளுக்கு ஆபத்து இங்கேதான்: கொப்புளம், கருந்திட்டு, வெளிறல், எப்போதாவது தழும்பு. இதற்குச் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒளிக்குச் சற்று முன், முப்பது நாற்பது மில்லி செக்கன் மட்டும், குளிர்திரவத்தைத் தோலில் பீச்சுவார்கள். பல கார்களின் ஏசிக்குள் ஓடுவதும் அதே பொருள்தான். மேல்தோல் குளிர்ந்துவிடும், குளிர் கீழே இறங்குமுன் ஒளி போய் வேலையை முடித்துவிடும். பீச்சல் தவறினால் தோல் சுடும்.

அடித்தபின் ஒன்றிரண்டு கிழமைக்கு ஊதா நிறமாகக் கன்றியிருக்கும். அது புண் அல்ல. கண்ணருகே என்றால் கண்ணுக்கு உலோக மூடி கட்டாயம். பலமுறை அடிக்க வேண்டியிருப்பதால் மயக்கமருந்தும் யோசிக்க வேண்டிய விஷயம்: மூன்று வயதுக்குள் நீண்ட அல்லது அடிக்கடி மயக்கம் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. சிறு மறு என்றால் கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே முடித்துவிடுவதும் உண்டு.

இயந்திர அளவுகளில் பலவும் வெள்ளைத் தோலில் பழகி வந்தவை. நம் தோலில் சோதிக்க இங்கே யாரும் காசு ஒதுக்குவதாகத் தெரியவில்லை; கிரகண தோஷம் கழிக்க மட்டும் காசு எப்படியோ வந்துவிடுகிறது.

மறு நெற்றிக்கோ மேலிமைக்கோ ஏறியிருந்தால் சிலவேளை கண்ணும் மூளையும்கூடப் பாதிக்கப்பட்டிருக்கலாம்; லேசருக்கு முன்பே கண் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிப்பு வந்ததா என்றும் சொல்லுங்கள். அப்புறம் டொக்டரிடம் ஒரு கேள்வி: “முதலில் காசளவு இடத்தில் அடித்துப் பார்ப்பீர்களா?”