ஆபரேஷன் தேதி ஏன் தள்ளிக்கொண்டே போகிறது?

மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். டாக்டர் இருக்கிறார், தியேட்டர் இருக்கிறது. அப்புறம் ஏன் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள்?"

ஆள் பற்றாக்குறை என்பது பாதிக் காரணம்தான். மீதியைக் கணக்கில் தேட வேண்டும். 1909இல் கோபன்ஹேகனில் எர்லாங் என்பவர் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு, அதாவது காத்திருக்கும் வரிசை எப்படி நீள்கிறது என்று பார்க்கும் கணக்கு அது.

நோயாளிகள் சீராக வருவதில்லை. ஒரு ஆபரேஷன் அரை மணியில் முடியும், இன்னொன்று மூன்று மணி நேரம் இழுக்கும். இப்படிப்பட்ட வரிசையின் மிக எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். தியேட்டர் நேரத்தில் 50 சதவீதம் பயன்பட்டால், உள்ளே இருப்பவரையும் சேர்த்து வரிசையில் சராசரியாக ஒருவர் இருப்பார். 80 சதவீதம் என்றால் 4 பேர். 90 என்றால் 9. 95 என்றால் 19! கடைசியில் கூடிய வேலை வெறும் 5 சதவீதம். கூட்டமோ இரண்டு மடங்குக்கும் மேல். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்குச் சலிக்காத கணக்கு இது. ஆள் வராமல் சும்மா கிடந்த ஒரு மணி நேரத்தை எடுத்து வைத்து, கூட்டம் நெரியும் நாளில் செலவழிக்க முடியாது. போன நேரம் போனதுதான். சேர்ந்த கூட்டம் மட்டும் அப்படியே நிற்கும்.

சம்பா அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடுவது புரிகிறது, வயிற்றுப்பாடு. ஆனால் ஆடியில் வேண்டாம், அஷ்டமி நவமியில் வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று காலியாகக் கிடந்த டேபிளுக்காக ஆவணியில் யாரோ ஒருவர் வலியோடு காத்திருக்கிறார். வெறும் வயிற்றோடு தியேட்டர் வாசல்வரை வந்தவருக்குச் சர்க்கரை 300 என்று தெரிந்து திருப்பி அனுப்பினாலும் இதே நஷ்டம்தான்.

டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு டாக்டருக்கு இரண்டு டேபிள். ஒன்றில் கண்புரை எடுக்கும்போதே அடுத்தவர் பக்கத்தில் தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் மைக்ராஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும். முன்தயாரிப்பெல்லாம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கையில். எல்லாம் ஒரே மாதிரி ஆபரேஷன் என்பதால் அங்கே இது சாத்தியம். குடலிறக்கத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கேஸ் ஷீட், காப்பீட்டுப் படிவம் எழுதும் வேலையைச் சர்ஜனின் தலையிலிருந்து இறக்க எதுவும் தடையில்லை.

திருவாரூரிலும் நாகையிலும் மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன, சந்தோஷம். இனி ஆய்வுக்குப் பணம் ஒதுக்கினால் முதலில் தியேட்டர் பதிவேட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்பேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார், எது ஏன் ரத்தானது என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க, கல்லூரிக்கு ஒரு புள்ளியியல் பட்டதாரியின் சம்பளம் போதும்.