சடைமுடிக்கு அடியில் ஒரு நமைச்சல்

சென்ற மார்கழியில் அம்மாவின் ஸ்வெட்டர் ஊசி ஒன்று காணாமல் போனது. இரண்டு நாள் கழித்து அதைத் தம்பியின் கையில் பார்த்தேன். கொடைக்கானலில் வட்டக்கானல் சாலையில் ஜீப் ஓட்டுகிறவன். மூன்று ஆண்டுகளாகச் சடைமுடி வைத்திருக்கிறான். விரல் தடிமனில் முப்பதுக்கும் மேற்பட்ட புரிகள் தோள்வரை தொங்கும். விரல் நுழையாத அந்த இடைவெளியில் ஊசியை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொறிந்துகொண்டிருந்தான். "அக்கா, தலைக்குள் எறும்பு ஊர்வது போல இருக்கிறது" என்றான். "எண்ணெய் காணாத தலை அரிக்கத்தான் செய்யும்" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். சடையை நனைத்தால் அவிழ்ந்துவிடும், தண்ணீரே படக் கூடாது என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். அவன் எல்லாருக்கும் நல்ல பிள்ளையாக இருந்தான்: தேங்காயெண்ணெயும் தடவினான், ஐந்து வாரமாகத் தலைக்கும் குளிக்கவில்லை.

உயிரியல் சொல்லித்தருகிறவள் என்பதால் இதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. அவனை வெயிலில் உட்காரவைத்து, பேன் பார்ப்பது போலப் புரிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, பள்ளிக்கூடத்து லென்ஸால் பார்த்தேன். புரி முளைக்கும் இடத்தைச் சுற்றி லேசான சிவப்பு. அதன்மேல் மஞ்சள் சாயல் கொண்ட பிசுபிசுப்பான செதில்கள். நகத்தால் நெம்பினாலும் உதிராமல் ஒட்டிக்கொண்டன. ஓர் அங்குலம் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பிசின். புரி கலையாமல் இருக்கட்டும் என்று அவன் பூசிய தேன்மெழுகு அது. காதோரம் நான்கைந்து கீறல்கள், ஸ்வெட்டர் ஊசியால் வந்தவை. தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அந்த இரண்டு அங்குலத்துக்குள்ளேயே இருந்தது.

முதலில், சடை எப்படிப் பிடிக்கிறது? முடி வழவழப்பாகத் தெரிந்தாலும் அதன் மேற்பரப்பு ஓட்டுக்கூரை போல ஒன்றின்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. எல்லாச் செதில்களின் விளிம்பும் நுனியைப் பார்த்தே இருக்கும். வேரிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்கு ஓட்டினால் தடுக்கும். எதிரெதிராகக் கிடக்கும் இரண்டு முடிகள் உரசும்போது செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும். அதன்பின் அவை ஒரு திசையில் நகரும், வந்த வழியே திரும்பாது. கம்பளிச் சட்டையை வெந்நீரில் கசக்கித் துவைத்தால் சுருங்கித் தடித்துப்போவதும் இதனால்தான். மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறவர்கள் கம்பளி ரோமத்தை ஈரக்கையில் உருட்டிப் பார்த்தால் புரியும்; சில நிமிடங்களில் அது உருண்டையாகக் கெட்டிப்பட்டுவிடும். அதாவது ஈரமும் உரசலும் சடையை இறுக்குகின்றனவே தவிர அவிழ்ப்பதில்லை. சடை பிடித்த முதல் சில வாரங்கள் போகட்டும். முற்றிய சடை தண்ணீர் பட்டு அவிழாது.

நம் எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்கின்றன. மற்றவர்களுக்கு அது சீப்பில் வந்துவிடும். சடை வைத்தவர்களுக்கு உதிர்ந்த முடியும் புரிக்குள்ளேயே தங்கிவிடும். மூன்று ஆண்டுச் சடையில் கணிசமான பகுதி, வேர் விட்டுப் பிரிந்த முடிதான். முடிக்கு நரம்பு கிடையாது, அரிக்கவும் அரிக்காது. அரிப்பது அதன் அடியில் இருக்கும் தோல். சடை வைத்த பலர் இதை மறந்துவிட்டுப் புரிக்கு வைத்தியம் பார்க்கிறார்கள்.

அரிப்பு என்பதே விந்தையான உணர்வு. சொறிய வேண்டும் என்ற விருப்பத்தைத் தூண்டும் இனிமையற்ற உணர்வு என்று 1660இல் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் அதற்கு வரையறை எழுதினார். அதைவிடச் சுருக்கமாக இன்றுவரை யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வலிதான் மெலிந்து அரிப்பாகத் தோன்றுகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மனிதத் தோலில் அரிப்பு உணர்வைக் கடத்தும் தனி நரம்பிழைகள் 1997இல்தான் கண்டறியப்பட்டன. சி இழைகள் என்று பெயர். மிக மெல்லியவை, மேலுறை இல்லாதவை. அவற்றில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் ஊர்கிறது. நாம் நடக்கும் வேகம்கூட அதைவிட அதிகம். சுட்டால் கை உடனே விலகும். அரிப்போ மெல்லக் கிளம்பிப் பரவும்.

இந்த இழைகளைத் தட்டி எழுப்பும் பொருள்கள் பல. கொசு கடித்த இடத்தில் அந்த வேலையை நம் உடலே வெளியிடும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் செய்கிறது. பூனைக்காலிக் காயின் சுணை மேலே பட்டவர்களுக்கு வேறொரு வழி தெரிந்திருக்கும். அந்தச் சுணையில் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது. ஹிஸ்டமினின் உதவி இல்லாமலேயே அது நரம்பு முனைகளைக் கிளறிவிடும். தலைப் பொடுகில் இரண்டு வகைத் தூண்டல்களுக்கும் இடமுண்டு. ஹிஸ்டமினைத் தடுக்கும் ஒவ்வாமை மாத்திரையை மட்டும் நம்பியிருக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

சொறிந்தால் ஏன் சுகம்? நகம் கீறும்போது ஒரு சிறு வலி தோன்றுகிறது. அந்த வலிச் செய்தி தண்டுவடத்தை அடைந்ததும் அங்குள்ள சில நரம்பணுக்கள் அரிப்புச் செய்தியை அடக்கிவிடுகின்றன. சுகம் சில நிமிடங்களுக்குத்தான். கீறிய இடத்தில் தோலின் மேலடுக்கு பிய்ந்து, வெளியே இருந்த எரிச்சலூட்டும் பொருள்கள் இன்னும் ஆழமாக இறங்குகின்றன. அரிப்பு கூடுகிறது, ஊசி மறுபடி உள்ளே போகிறது.

தம்பியின் தலையில் முதலில் தூண்டியது யார் என்று கேட்டால், மலசீசியா என்ற ஈஸ்ட், ஒரு நுண்பூஞ்சை. 1874இல் அதை விவரித்த பிரெஞ்சு ஆய்வாளர் லூயி சார்ல் மலசேயின் பெயரால் அழைக்கப்படுகிறது. பெரியவர்கள் ஏறக்குறைய எல்லாருடைய தலையிலும் அது குடியிருக்கிறது. அழுக்கு இருந்தால்தான் வரும் என்பதில்லை. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் மரபணு அதற்குக் கிடையாது. எனவே நம் தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்து, தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றை மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சத்தில் ஓலியிக் அமிலம் முக்கியமானது. அதைத் தாங்காத தலைகளில் மேல்தோல் எரிச்சலடைந்து, வழக்கமாகச் சுமார் 28 நாளில் புதுப்பிக்கும் உயிரணுக்களை அவசர அவசரமாகத் தள்ளிவிடுகிறது. முதிராமல் வந்த அணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு விழுகின்றன. அதுதான் பொடுகு. ஒரே வீட்டில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராதது இந்தத் தாங்கும் தன்மையில் உள்ள வேறுபாட்டால்.

அம்மாவின் தேங்காயெண்ணெயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முடியின் தண்டுக்குள் ஊடுருவி, துவைக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைப்பது அது. முடிக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம், 12 கார்பன் நீளச் சங்கிலி. மலசீசியா உண்ணக்கூடிய அளவு 11 கார்பனில் தொடங்குகிறது. பொடுகும் பிசுபிசுப்பும் ஏற்கெனவே உள்ள தலையில், அதுவும் வாரக்கணக்கில் கழுவாத தலையில் எண்ணெய் தடவுவது அந்த ஈஸ்டுக்குப் பந்தி பரிமாறுவதுதான். அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

மெழுகு இன்னொரு தொல்லை. தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நாம் குளிக்கும் வெந்நீர் 40 டிகிரி சுமார். எத்தனை முறை குளித்தாலும் அது உருகி வெளியேறப்போவதில்லை. செதிலையும் தூசியையும் ஜீப் புகையையும் பிடித்து வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கும். சடைக்கு மெழுகு வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

அந்த வாரம் பிடரியில் ஒரு மெல்லிய புரி அறுந்து வந்தது. அதை ஷாம்பு போட்டு அலசி, துண்டில் பிழிந்து, இரவு முழுவதும் கொடியில் தொங்கவிட்டேன். காலையில் தொட்டால் வெளியே உலர்ந்திருந்தது. பிளேடால் நடுவில் வெட்டினேன். உள்ளே ஈரம், விரலை வைத்தால் சில்லென்றது. பழைய துணி மூட்டையைப் பிரித்தது போல ஒரு பூசண வாடையும் வந்தது. முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் நீரைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். முடிகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் விளக்குத்திரி போல இன்னும் அதிகமாகப் பிடித்து வைக்கும்.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழனி அடிவாரத்தில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். இங்கே 10 டிகிரியில் 9 கிராமைச் சற்றுத் தாண்டியதும் நிறைந்துவிடும். மூடுபனி என்றாலே காற்றில் இனி இடமில்லை என்று பொருள். அந்த நேரத்தில் தலைமுடி காயாது. ஈரத்தோடு குல்லா போட்டுக்கொண்டால் உள்ளே கதகதப்பும் ஈரமும் எண்ணெயும் ஒன்றுசேர்ந்துவிடும். சூடு ஏறினால் அரிப்பும் ஏறும். இரவில் போர்வைக்குள் புகுந்ததும் தலை அதிகமாக நமைப்பது அதனாலும்தான்.

ஆக, தலைக்குக் குளிக்கத்தான் வேண்டும், ஆனால் காயும் நேரம் பார்த்து. நாங்கள் செய்தது இதுதான். மருந்துக்கடையில் கிடைக்கும், கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து 2 சதவீதம் சேர்ந்த ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து, கூர்மூக்கு உள்ள சாஸ் பாட்டிலில் ஊற்றி, புரிகளுக்கு இடையே தோலில் மட்டும் படும்படி பீய்ச்சினோம். நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டோம். மருந்து வேலை செய்ய அந்த அவகாசம் தேவை. பலர் போட்ட கையோடு அலசிவிட்டு, பயனில்லை என்கிறார்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில், பிழிந்தால் வழியும் தண்ணீர் தெளியும்வரை அலசினோம். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். துத்தநாகப் பைரிதியோன், செலினியம் சல்பைடு சேர்ந்த ஷாம்புகளும் அந்த ஈஸ்டைக் குறைப்பவைதான். சிகைக்காய் விரும்புகிறவர்கள் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டிய சாற்றை மட்டும் பயன்படுத்தலாம். பொடியாகப் போட்டால் துகள் புரிக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

சனவரி, பிப்ரவரியில் வரும் அரிப்பு வேறு வகையாக இருக்கலாம். உறைபனிக் காலத்து வறண்ட காற்றும் கணப்புச் சூடும் தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அப்போது விழும் செதில் சிறியது, வெள்ளையானது, ஊதினால் பறக்கும். தோலில் சிவப்பும் பிசுபிசுப்பும் இருக்காது. கொதிக்கக் கொதிக்கத் தலையில் ஊற்றிக்கொள்கிறவர்களுக்கு இது கூடுதலாக வரும். அதற்குப் பூஞ்சை மருந்து தேவையில்லை. சூட்டைக் குறைத்து, மென்மையான ஷாம்புவுக்கு மாறினாலே தணியும்.

நம் மலையில் எதற்கெடுத்தாலும் கைக்கு வருவது யூகலிப்டஸ் தைலம். அதிலுள்ள சினியோல் தோலின் குளிர்ச்சி உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் அரிப்பு சற்று அடங்கியது போலிருக்கும். நேரடியாக ஊற்றினால் தோல் எரிந்து சிவக்கும், குழந்தைகள் விழுங்கினால் ஆபத்து. பச்சைப்பூண்டை அரைத்துத் தடவுகிறவர்களும் உண்டு. காரமான கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தக் காரம் தலைத்தோலில் கொப்புளம் எழுப்பிவிடும். எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் காய்வது அதைவிட மோசம். அந்தச் சாற்றில் உள்ள சில பொருள்கள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் தாக்கம் சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்பதையும் மலையில் இருக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

புதிதாகச் சடை போட்டவர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. புரியை வேரோடு இறுக்கி முறுக்கினால் முடி முளைக்கும் தோல்பை இழுபட்டு, சுற்றிலும் சிறு பருக்கள் எழும், அரிக்கும். நெற்றியோரம் முடி மெலிந்தால் இழுப்பைத் தளர்த்தியே ஆக வேண்டும். நெடுநாள் இழுபட்ட இடத்தில் முடி திரும்பாமலே போகலாம். வட்டமாக முடி ஒடிந்த திட்டு, சீழ், கழுத்தில் நெறி கட்டுதல், ஒரு மாதம் மருந்து ஷாம்பு போட்டும் தணியாத அரிப்பு, இவற்றில் எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேன் இருக்கிறதா என்றும் பார்க்கத்தான் வேண்டும், சடைக்குள் பேன்சீப்பு ஓடாது என்பதால் அது தெரியாமல் பெருகும்.

தம்பி இப்போது காலை ஒன்பது மணிக்கே தலைக்குக் குளிக்கிறான். பிற்பகலில் மேகம் இறங்குவதற்குள் ஐந்து மணி நேரம் கிடைக்கிறது. பருத்தித் துண்டில் புரிகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிழிந்துவிட்டு, முதுகைச் சூரியனுக்குக் காட்டி உட்காருகிறான். பிடரியில் உள்ள இரண்டு தடித்த புரிகள்தான் கடைசியில் காயும். அவற்றின் நடுப்பகுதியை மடக்கி அம்மாவின் கன்னத்தில் வைக்கிறான். ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும் என்பதால், கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தாலும் கன்னத்துக்குச் சில்லென்று தெரிந்துவிடும். "இன்னும் அரை மணி நேரம்" என்கிறார் அம்மா. அவன் திரும்பிப் போய் வெயிலில் உட்காருகிறான்.