பள்ளி மதிய உணவு: எத்தனை கிராம் தர வேண்டும், சமைக்காத நாளுக்கு என்ன கிடைக்கும்?

அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், விடுமுறை தவிர்த்த ஒவ்வொரு பள்ளி நாளிலும் மதிய உணவு இலவசம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 5-ஆம் பிரிவில் இதை உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1982 முதல் நடக்கும் சத்துணவுத் திட்டம் 10-ஆம் வகுப்பு வரை போகிறது. வருமானச் சான்று கேட்கப்படுவதில்லை. ஆதார் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் பந்தியிலிருந்து எழுப்பக் கூடாது.

சட்டப்படி 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைக்கு ஒரு வேளையில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் சேர வேண்டும். 6 முதல் 8 வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். இதற்காக மத்திய அரசு வகுத்த அளவு: சிறியவர்களுக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய்கறி 50, எண்ணெய் 5 கிராம். பெரியவர்களுக்கு முறையே 150, 30, 75, 7.5. எல்லாமே சமைப்பதற்கு முந்தைய எடை. தட்டில் விழுந்த சோற்றை நிறுத்துப் பார்த்துப் பயனில்லை, வெந்த அரிசி தண்ணீர் குடித்துப் பெருத்திருக்கும்.

தொடக்கப் பள்ளியில் இன்று 60 பேர் சாப்பிடுகிறார்கள் என்றால், உலைக்கு முன் 6 கிலோ அரிசி, 1 கிலோ 200 கிராம் பருப்பு, 3 கிலோ காய், 300 கிராம் எண்ணெய் வெளியே வந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டையும் இருப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு ஐந்து நிமிட வேலை. முதலில் குறைவது பெரும்பாலும் பருப்புதான். சோறு குறைந்தால் பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள்; சாம்பார் நீர்த்தால் வயிறு நிறைந்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த 20 கிராம் பருப்பில்தான் நாலரை கிராம் புரதம் இருக்கிறது. அது பாதியானால் 12 கிராம் எட்டாது. தமிழ்நாட்டில் முட்டையும் உண்டு, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். முட்டையைக் காட்டிப் பருப்பைக் குறைப்பதை ஏற்காதீர்கள்.

அரிசி வரவில்லை, எரிவாயு தீர்ந்தது, சமையலர் விடுப்பு என்று ஏதோ காரணத்தால் ஒரு நாள் சமைக்கவில்லை என்று வையுங்கள். 2015-ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள்படி அந்த நாளுக்கான தானியமும் சமையல் செலவுத் தொகையும் உணவுப் பாதுகாப்புப் படியாக, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பிள்ளைக்குச் சேர வேண்டும். இந்த விதி பல பெற்றோருக்குத் தெரியாததால் கேட்கப்படாமலே போகிறது. தொடர்ந்து 3 பள்ளி நாட்களோ, ஒரு மாதத்தில் 5 நாட்களோ உணவு தராவிட்டால் யார் பொறுப்பு என்று மாநில அரசு நிர்ணயித்து நடவடிக்கை எடுக்க வேண்டும். பொருளோ பணமோ தற்காலிகமாகத் தீர்ந்தால், பள்ளியில் உள்ள வேறு நிதியை எடுத்துச் சமைக்கத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டு.

உணவு தயாராக இருந்தும் பிள்ளை சாப்பிடாமல் விட்டால் இந்தப் படி கிடையாது. தரம் சரியில்லை என்பதற்காகவும் இதைக் கோர முடியாது. தரக் குறைவைத் தனிப் புகாராகவே எழுத வேண்டும்.

தரத்தையும் சுத்தத்தையும் கண்காணிப்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் கடமை. முதலில் அங்கே எழுத்தில் கொடுங்கள்: தேதி, அன்று வந்த பிள்ளைகள் எண்ணிக்கை, என்ன குறைந்தது. அசையாவிட்டால் கிராமப்புறத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர், அதற்கு மேல் மாவட்டக் குறைதீர் அலுவலர், பிறகு மாநில உணவு ஆணையம். ஒவ்வொரு இடத்திலும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.