ஆப்பும் நூலும்: இறப்பர் பெல்ட்டும் குழாயும் வேலை செய்யும் விதம்

கிழக்கிலங்கையின் சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ உள்ள ஓர் அரிசி ஆலையின் பின்புறத்துக்குச் சென்று பார்த்தால், மோட்டரிலிருந்து நெல் குற்றும் இயந்திரத்துக்கும், அங்கிருந்து உமி தூற்றும் விசிறிக்கும், சல்லடைக்கும், நெல்லை மேலே ஏற்றும் எலிவேற்றருக்கும் வலுவைக் கடத்துபவை பெரும்பாலும் கறுப்பு நிற இறப்பர் பெல்ட்டுகளே என்பதைக் காணலாம். படுவான்கரை வயல்களை உழும் லாண்ட்மாஸ்டரிலும், சூடடிக்கும் இயந்திரத்திலும், வெட்டு மெசினிலும் அதே பெல்ட்டுகள் உள்ளன. அறுவடை நாட்களில் இவற்றுள் ஒன்று அறுந்தால் ஒரு நாள் வேலை முழுவதும் நின்றுவிடுகிறது. இருந்தும், பெல்ட் என்பதை வளைத்துப் பூட்டப்பட்ட ஓர் இறப்பர்த் துண்டு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதில் இழுவையைத் தாங்குவது இறப்பர் அன்று, அதனுள் புதைந்திருக்கும் நூல். வழுக்காமல் பிடிப்பதிலும் இறப்பரின் பங்கைப் பல மடங்காக்குவது அதன் வடிவம். இறப்பர், நூல், வடிவம் ஆகிய மூன்றும் வேலையை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றன என்று விளங்கிக்கொண்டால், பெல்ட் ஏன் வழுக்குகிறது, குழாய் ஏன் வெடிக்கிறது என்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் இறப்பர். 1876ஆம் ஆண்டில் பிறேசிலிலிருந்து இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி ஆகிய ஈரவலய மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். மரத்திலிருந்து வடியும் பாலை உறையவைத்துப் பெறும் பச்சை இறப்பர், இழுத்தால் நீள்வதோடு வெயிலில் பிசுபிசுக்கவும் செய்யும், குளிரில் விறைக்கவும் செய்யும். அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படாமல் சிக்கிக் கிடப்பதே காரணம். இழுத்துப் பிடித்தால் அவை மெல்ல வழுகி இடம் மாறிவிடும். 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், கந்தகம் கலந்த இறப்பரைச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டறிந்து, 1844இல் காப்புரிமை பெற்றார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கிடையே பாலங்களாக அமைவதால் அவை நீளலாம், ஆனால் நழுவ முடியாது. இழுவையை விட்டவுடன் பழைய இடத்துக்கே திரும்பும். இதுவே வல்கனைசுப்படுத்தல். இதனோடு காபன் கரியைச் சேர்க்கும்போது இறப்பர் தேய்மானத்தைத் தாங்கும் வலிமை பெறுகிறது. பெல்ட்டின் கறுப்பு நிறம் அழகுக்காக வந்ததன்று.

அடுத்ததாக, பெல்ட் கப்பியைப் பிடிக்கும் விதத்துக்கு வருவோம். மட்டக்களப்பு வாவிக் கரையில் தோணியின் கயிற்றைக் கட்டையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால், பெரிய இழுவையையும் ஒரு கையால் தடுத்துவிடலாம் என்பது மீனவர் எல்லோரும் அறிந்தது. இதைக் கணக்காக எழுதியவர்கள் கணிதவியலாளர் ஒயிலரும் பொறியியலாளர் ஐற்றல்வைனும் ஆவர். பெல்ட்டின் இறுகிய பக்க இழுவைக்கும் தளர்ந்த பக்க இழுவைக்கும் இடையே வழுக்காமல் இருக்கக்கூடிய மிகப் பெரிய விகிதம், உராய்வுக் குணகத்தையும் கப்பியைச் சுற்றியுள்ள கோணத்தையும் (ஆரையன் அளவில்) பெருக்கி வரும் எண்ணைப் படியாகக் கொண்டு, அடுக்குக்குறி முறையில் ஏறுகிறது. உராய்வுக் குணகம் 0.3 என்றும், பெல்ட் கப்பியின் பாதியை, அதாவது 180 பாகையைச் சுற்றியிருக்கிறது என்றும் கொண்டால், தட்டைப் பெல்ட்டுக்கு இந்த விகிதம் ஏறத்தாழ 2.6 ஆகும். சிறிய கப்பியில் சுற்றுக்கோணம் குறைவாக இருப்பதால் வழுக்கல் பொதுவாக அங்கேயே தொடங்குகிறது.

பழைய ஆலைகளில் கூரைக்கருகே ஓடும் ஒரே நீண்ட தண்டிலிருந்து எல்லா இயந்திரங்களுக்கும் தட்டைப் பெல்ட்டுகளே இறங்கி வந்தன. அவை கப்பியிலிருந்து நழுவி விழாமலிருக்க, கப்பியின் நடுப்பகுதியைச் சற்றே மேடாக்கி வைப்பார்கள். பெல்ட் மேடான பக்கத்தை நோக்கியே ஏறும் இயல்புடையது என்பதால், நடுவிலேயே தானாக நின்றுகொள்ளும். ஆனால் பிடிப்புப் போதாதபோது பெல்ட்டை மேலும் மேலும் இறுக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த இறுக்கமெல்லாம் தண்டையும் பெயரிங்குகளையும் போய்ச் சேர்ந்தது.

1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜோன் கேற்ஸ் என்பவர் இறப்பரும் நூலும் சேர்ந்த, வெட்டுமுகம் ஆப்பு வடிவிலான வீ-பெல்ட்டை உருவாக்கினார். அக்காலத்தில் இயந்திரங்களில் சணற்கயிறுகள் பயன்பட்டன. அவற்றின் இடத்தை இப்புதிய பெல்ட் பிடித்தது. அதன் சிறப்பு முழுவதும் ஆப்புத் தத்துவத்தில் அடங்கியிருக்கிறது. கப்பியிலுள்ள 38 பாகைக் கோணப் பள்ளத்தில் பெல்ட் உள்ளே இழுக்கப்படும்போது, அதன் இரு பக்கச் சுவர்களிலும் எழும் செவ்வன் மறுதாக்கங்களின் (சுவருக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசைகளின்) கூட்டுத்தொகை, உள்ளிழுக்கும் விசையைப் போல் ஏறத்தாழ 3 மடங்காகிறது. உராய்வும் அதே அளவு கூடுகிறது. இப்பெருக்கம் அடுக்குக்குறியில் நிற்பதால், முன்பு 2.6 ஆக இருந்த விகிதம் கோட்பாட்டளவில் 18ஐ எட்டிவிடுகிறது. இறப்பரை மாற்றாமல், வெட்டுமுகத்தின் வடிவத்தை மட்டும் மாற்றிப் பெற்ற இந்த ஆதாயம், இயந்திரவியலில் நான் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

இதன் பயனை ஆலையின் கணக்கிலேயே பார்க்கலாம். 10 பரிவலு மோட்டர் ஒன்று, செக்கனுக்கு 20 மீற்றர் ஓடும் பெல்ட்டின் வழியாகத் தன் வலுவைக் கடத்த ஏறத்தாழ 373 நியூற்றன் தேறிய விசை வேண்டும். தட்டைப் பெல்ட் வழுக்கும் எல்லையில் நின்று இதைச் செய்தாலும் இரு பக்க இழுவைகளும் சேர்ந்து தண்டை ஏறத்தாழ 850 நியூற்றனால் இழுக்கும். வீ-பெல்ட்டில் பாதுகாப்புக்காக விகிதத்தை 5 என்ற அளவிலேயே வைத்துக்கொண்டாலும் இந்தத் தொகை 560 நியூற்றன்தான். பெயரிங்கின் ஆயுள் கூடுவது இதனாலேயே.

கோணத்தை இன்னும் ஒடுக்கினால் பிடிப்பு இன்னும் கூடுமே என்று கேட்கலாம். கூடும்தான். ஆனால் கப்பியை விட்டு வெளியேறும் இடத்தில் பெல்ட் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு, அதை விடுவிக்கவே வலு வீணாகும். இன்னொரு நுட்பமும் உண்டு. பெல்ட் வளையும்போது அதன் வெளிப்பகுதி நீண்டு ஒடுங்குகிறது, உட்பகுதி நெருங்கிப் புடைக்கிறது. ஆகவே 40 பாகையில் வார்க்கப்பட்ட பெல்ட், கப்பியில் வளைந்தவுடன் அதைவிடக் குறைந்த கோணத்தைப் பெறுகிறது. சிறிய கப்பிகளின் பள்ளம் 34 பாகையிலும் பெரியவற்றின் பள்ளம் 38 பாகையிலும் கடையப்படுவது இதற்காகத்தான். பெல்ட்டின் அடிப்பக்கம் பள்ளத்தின் அடியை ஒருபோதும் தொடக்கூடாது. நீண்டகாலம் ஓடித் தேய்ந்த கப்பியில் பெல்ட் கீழிறங்கி அடியில் உட்கார்ந்துவிட்டால், ஆப்பு இல்லாமற் போய்த் தட்டைப் பெல்ட்டின் நிலைக்கே அது திரும்பிவிடுகிறது. அப்போது புதுப் பெல்ட்டுகளை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, கப்பியைத்தான் மாற்றவேண்டும். பிசின் போன்ற ஒட்டும் பொருளைப் பூசுவதோ இறப்பரைக் கெடுத்து, தூசியையும் உமியையும் சேர்த்துவைக்கும்.

பெல்ட்டை வெட்டிப் பார்த்தால் மேற்பகுதிக்கு அண்மையில் ஒரு வரிசையாக நூல்கள் தெரியும். முன்பு பருத்தியாக இருந்த அவை இன்று பெரும்பாலும் பொலியெஸ்தர். மிகக் கடும் வேலைக்கு, 1965இல் இரசாயனவியலாளர் ஸ்ரெபனி குவொலெக் கண்டுபிடித்த கெவ்லார் என்னும் வலிமைமிக்க செயற்கை இழையின் வழிவந்த அரமிட் நூல்கள் இடப்படுகின்றன. இழுவை முழுவதையும் இந்நூல்களே சுமக்கின்றன. அவற்றுக்கு மேலுள்ள இறப்பர் வளைவில் நீள்கிறது, கீழுள்ளது நசிகிறது, நூல் வரிசை மட்டும் தன் நீளத்தைக் காத்துக்கொள்கிறது. கீழுள்ள இறப்பரில் பற்கள் போன்ற வெட்டுகள் விடப்பட்ட பெல்ட் சிறிய கப்பியிலும் எளிதாக வளைந்து, குறைவாகச் சூடேறுகிறது.

புதுப் பெல்ட்டைத் திருப்புளி முனையால் நெம்பிக் கப்பியில் ஏற்றுவது எங்கும் காணப்படும் வழக்கம். வெளியில் எந்தக் காயமும் தெரியாது. ஆனால் ஓரத்து நூல்கள் சில அறுந்துவிட்டால், பெல்ட் ஒரு பக்கமாகத் திருகி ஓடிச் சில நாட்களில் புரண்டுவிடும். மோட்டரைத் தளர்த்தி முன்னே நகர்த்திப் பெல்ட்டைக் கையால் போடுவதே முறை. லாண்ட்மாஸ்டரில் எஞ்சினிலிருந்து கிளச்சுக்குச் செல்லும் இரண்டு மூன்று பெல்ட்டுகளில் ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் வாங்கிப் போடுவதும் இதே போன்ற சிக்கனம்தான். பழைய பெல்ட்டுகள் சற்று நீண்டிருப்பதால் சுமை முழுவதும் புதியதன் மேல் ஏறிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவதே இறுதியில் மலிவானது. இறுக்கத்துக்கும் ஒரு நடைமுறை அளவு இருக்கிறது. இரு கப்பிகளுக்கிடையேயான ஒரு மீற்றர் நீளத்துக்கு, குறித்த விசையில் நடுவே அழுத்தும்போது பெல்ட் 16 மில்லிமீற்றர் தாழ வேண்டும். புதுப் பெல்ட் ஒரு நாள் ஓடியபின் மறுபடியும் இறுக்கவேண்டும்.

வழுக்கும் பெல்ட் சூடாகிறது. அச்சூட்டில் கந்தகப் பாலங்கள் மேலும் பெருகி, இறப்பர் கடினமாகிப் பளபளத்து, பிறகு வெடிக்கிறது. காற்றிலுள்ள ஓசோனும் இயற்கை இறப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி, நீண்டுள்ள இடங்களில் கீறல்களை உண்டாக்கும். 1930இல் அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவன ஆய்வுகூடத்தில் உருவான நியோப்பிரீன் என்னும் செயற்கை இறப்பர், எண்ணெயையும் ஓசோனையும் ஓரளவு தாங்கியதால் பெல்ட்டுகளின் முதன்மைப் பொருளாயிற்று. மூலக்கூற்றுச் சங்கிலியின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பே இல்லாத ஈபிடிஎம் இறப்பர் அண்மைக்கால வாகனப் பெல்ட்டுகளில் அதன் இடத்தைப் பிடித்துள்ளது.

கல்முனை வீதிகளில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களிலும் இதே வீ-பெல்ட்தான் இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடும்போது சிறு உருளைகள் வெளியே தள்ளப்பட்டுக் கப்பியின் இரு பாதிகளை நெருக்குகின்றன. பெல்ட் மேலேறுகிறது, வேக விகிதம் தானாக மாறுகிறது. 1958இல் ஒல்லாந்தின் டாப் நிறுவனம் சிறிய கார் ஒன்றில் இம்முறையைக் கொண்டுவந்தது.

குழாயிலும் இறப்பர், நூல், வடிவம் ஆகிய மூன்றின் பங்கீடே தொடர்கிறது. உள்ளிருக்கும் இறப்பர்ப் படை நீரையோ எண்ணெயையோ கசியாமல் காக்கிறது, நடுவிலுள்ள நூற்பின்னல் அமுக்கத்தைத் தாங்குகிறது, வெளிப்படை வெயிலையும் உராய்வையும் ஏற்கிறது. 50 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் 3 வளிமண்டல அளவு அமுக்கம் இருந்தால், சுவரைச் சுற்றுவட்டமாகப் பிளக்க முயலும் இழுவை ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 7.5 நியூற்றன். நீளவாக்கில் இழுப்பது அதில் சரிபாதி. வெடித்த குழாய்களில் பிளவு நீளவாக்கில் ஓடுவது இதனால்தான். பின்னலின் நூல்கள் இந்த 2:1 விகிதத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டுமானால், அவை குழாயின் அச்சோடு 54.7 பாகையில் சாய்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குறைந்த சாய்வில் பின்னினால் அமுக்கம் ஏறும்போது குழாய் தடித்துக் குறுகும். கூடிய சாய்வில் பின்னினால் மெலிந்து நீளும். இரண்டு நிலைகளிலும் முனைகளிலுள்ள பூட்டுகள் அசைந்து தளரும். ஒரு கோணம் குழாயின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தோட்டக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பம்பின் உறிஞ்சு குழாய்க்கு வேறு வகைச் சோதனை. அதன் உள்ளே அமுக்கம் வெளியைவிடக் குறைவு. வளிமண்டலம் வெளியிலிருந்து நசுக்குவதால் நூற்பின்னல் உதவாது. கம்பியோ கடின பிளாஸ்டிக்கோ சுருளாக ஓடும் குழாயே தேவை. நீரை மேலே தள்ளுவது அந்த வளிமண்டலமே என்பதால், கோட்பாட்டளவில் 10.3 மீற்றருக்கு மேல் எந்தப் பம்பும் உறிஞ்சாது. நடைமுறையில் எல்லை 7 மீற்றர் அளவே. சுருட்டி வைக்கும் தட்டைக் குழாயை விநியோகப் பக்கத்தில் மட்டுமே பயன்படுத்தலாம்.

வெட்டு மெசின்களில் எண்ணெய் அமுக்கத்தால் வலுவைக் கடத்தும் ஐதரோலிக் குழாய்களில் நூலுக்குப் பதிலாக உருக்குக் கம்பிப் பின்னலும், எண்ணெயில் ஊதாத நைற்றைல் இறப்பரும் உள்ளன. அங்கே ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அந்த அமுக்கத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும், அது விரலையே இழக்கச் செய்யக்கூடிய காயம். இயந்திரத்தை நிறுத்தி, அமுக்கத்தை இறக்கிய பின்பே குழாயைத் தொடவேண்டும்.

ஆலையில் நெல்லின் உமியை நீக்குவதும் இறப்பர்தான். எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரு இறப்பர் உருளைகளுக்கிடையே, நெல்மணியின் தடிப்பைவிடச் சிறிய இடைவெளி விடப்படுகிறது. ஓர் உருளை மற்றதைவிட ஏறத்தாழ 25 வீதம் வேகமாக ஓடுகிறது. மணியின் இரு பக்கங்களையும் வெவ்வேறு வேகத்தில் பற்றுவதால் உமி உரிகிறது. இறப்பர் இடம் கொடுத்து நசிவதால் அரிசி நொறுங்குவது குறைகிறது. வேகமாக ஓடும் உருளையே விரைவாகத் தேய்வதால் அதன் விட்டம் சுருங்கி, மேற்பரப்பு வேகங்களின் வித்தியாசமும் குறைந்து, உமி நீங்காத நெல் அரிசியோடு கலந்து வரத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் இடைவெளியை மேலும் நெருக்கினால் அரிசிதான் உடையும். இரு உருளைகளையும் இடம் மாற்றிப் பூட்டினால், தேயாத உருளை வேகமான பக்கத்துக்கு வந்து, இழந்த வேக வித்தியாசம் திரும்பக் கிடைத்துவிடும்.